மூன்றாவது ரூபத்துக்கு வைத்த மருந்து

என் வீட்டுக்காரர் பை நிறைய மருந்தை வைத்துக்கொண்டு ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் செத்துப்போனார். டிவி விளையாட்டில்தான். ஆனாலும் எனக்கு வந்த கோபம் நிஜக் கோபம். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைத் தட்டில் டங்கென்று வைத்தேன்.

"ஏங்க, அந்தத் தங்கத் தண்ணி மருந்து எவ்வளவு இருக்கு உங்ககிட்ட?"

"நிறைய இருக்கு."

"அப்ப குடிக்க வேண்டியதுதானே? உங்க ஆளுங்க நாலு பேரும் ஒவ்வொருத்தரா விழுற வரைக்கும் வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தீங்களே!"

"உனக்குத் தெரியாது. இந்த ராட்சசன் இப்ப ரெண்டாவது ரூபத்துலதான் இருக்கான். இதுல செத்தா மூணாவதா ஒண்ணு எடுப்பான். அதுதான் பெருசு. தங்கத் தண்ணி அதுக்கு வேணும்."

"அந்த மூணாவதை நீங்க பாத்திருக்கீங்களா?"

தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். பார்த்ததில்லை. இரண்டாவதிலேயே செத்துப்போகிறவர் மூன்றாவதை எங்கே பார்ப்பது? கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அவர் இதே இடத்தில் இதே மாதிரிதான் செத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறையில் பாதி நாள், இரண்டு மாடிக்கு நடுவே நிற்கிற பெட்டியின் கூரைமேல் மீதி நாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கூட வேலை செய்கிறவர்கள் அவரை 'ஸ்டோர்' என்று கூப்பிடுவார்கள். ஒரு திருகாணி, ஒரு வாஷர், அறுந்த வயர்த் துண்டு, எதையும் தூக்கிப் போட மனசு வராது. "என்னைக்காவது வேணும்" என்று பையில் போட்டுக்கொள்வார். அந்த என்றைக்காவது வருவதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்த திருகாணிகளை விழுங்கி என் துணி துவைக்கும் மெஷின்தான் உயிரை விட்டது.

வீடும் அப்படித்தான். கடைக்காரர்கள் போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறையோடுதான் எங்கள் சோபா இன்னும் இருக்கிறது. உட்கார்ந்தால் சரசரக்கும், எழுந்தால் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். நல்ல கண்ணாடி டம்ளர்கள் அட்டைப்பெட்டிக்குள் ஜம்மென்று தூங்குகின்றன. நாங்கள் விளிம்பு நசுங்கினதில் குடிக்கிறோம். மகள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த சட்டையை வாங்கின கவரோடு அலமாரியில் வைத்திருக்கிறார். கேட்டால் "நல்ல நாள் வரட்டும்" என்பார். எந்த நாள் நல்ல நாள் என்று யார் வந்து அவர் காதில் சொல்வார்களோ தெரியாது.

எனக்கு மருந்துக்கடையில் வேலை. மாதம் பிறந்தால் அலமாரி அலமாரியாகக் கையை விட்டு, தேதி முடிந்த மாத்திரை அட்டைகளைப் பொறுக்கிச் சிவப்புப் பெட்டியில் போடுவேன். பிரிக்கப்படாத பெட்டி, கசங்காத அட்டை, புதுசு போலவே பளபளக்கும். ஆனால் குப்பை. இந்த வேலையைச் செய்து செய்தே, வைத்து வைத்து வீணாக்குகிற ஆளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்டவள் இப்படிப்பட்ட ஒருவரைக் கட்டிக்கொண்டேன்.

இந்த விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய ஜப்பான் விளையாட்டு. கடல் தண்ணீரையெல்லாம் ஒரு ராட்சசன் திருடிக்கொண்டு போய்விட்டான். அவனைத் தேடி நாலு பேர் காய்ந்த கடல் தரையில் நடக்கிறார்கள். ஒரு வாள்காரன், ஒரு சமையல்காரி, தலையைவிடப் பெரிய தொப்பி போட்ட ஒரு குட்டிப் பெண், வாய் ஓயாமல் பேசும் ஒரு நரி. சண்டை வந்தால் இவர்கள் அடிக்கும் வரை எதிரி காத்திருப்பான், எதிரி அடிக்கும் வரை இவர்கள் காத்திருப்பார்கள். எங்கள் கடையில்கூட வரிசையில் யாரும் இவ்வளவு ஒழுங்காக நிற்க மாட்டார்கள். வழியில் கிடக்கும் பெட்டிகளைத் திறந்தால் மருந்து கிடைக்கும். சின்னக் காயத்துக்குப் பச்சைத் தண்ணீர். செத்தவனைக்கூட எழுப்பி நாலு பேரையும் புது மனுஷர்கள் ஆக்குவது தங்கத் தண்ணீர். அது கடையில் விற்காது, தேடி எடுத்தால்தான் உண்டு. என் வீட்டுக்காரர் ஒரு பெட்டி விடாமல் தேடி எடுத்திருந்தார். எடுத்ததை ஒன்று விடாமல் வைத்துமிருந்தார்.

மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் மடியில் உட்கார்ந்துதான் இதைப் பார்ப்பாள். நரி பேசுகிற இங்கிலீஷ் வரிகளை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டுவாள். அவள் படிக்கக் கற்றுக்கொண்டதே பாதி அந்த நரியிடம்தான் என்பேன். கடைசிக் கதவு வரை வருவார்கள், ராட்சசனிடம் செத்துப்போவார்கள், "அப்புறம் பாத்துக்கலாம் பாப்பா" என்று அவர் அணைத்துவிடுவார். கொஞ்சம் கொஞ்சமாக அந்த விளையாட்டு மெஷின் பரணுக்குப் போனது.

அந்த 'அப்புறம்' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அடிவயிறு எரியும். பள்ளி நாடகத்தில் மகள் மரமாக நின்றாள். இலையெல்லாம் நான்தான் வெட்டி ஒட்டினேன். அன்றைக்கு இவருக்கு வேலை. ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தாள், வேலை. பட்டம் வாங்கினாள், அன்றைக்கும் ஏதோ ஒரு கட்டடத்துக் கூரையில் நின்றார். லீவு இல்லாமல் இல்லை. இருந்தது, எடுக்கவில்லை. "சேர்ந்துக்கிட்டே இருக்கு. பெருசா ஒண்ணு வரும்ல, அப்ப மொத்தமா எடுத்துக்கலாம்." நான் கத்துவேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி நிற்பார். சாயந்திரம் வந்து மகளைக் கூப்பிட்டு, "எப்படி இருந்துச்சு பாப்பா?" என்று கேட்பார். முதலில் எல்லாம் அவள் கையை ஆட்டி, ஓடிக் காட்டி, விழுந்து காட்டிச் சொல்லுவாள். பிறகு பிறகு, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் ஒரே பதில்தான். "நல்லா இருந்துச்சுப்பா."

கடைசியில் அவர் சொன்ன அந்தப் பெரிசு வந்தேவிட்டது. மகளுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்தது. போவதற்கு முன் ஒரு வாரம் வீட்டுக்கு வருவதாகப் போன் செய்தாள். அதே வாரத்தில்தான் அந்தப் பழைய விளையாட்டின் இரண்டாம் பாகமும் வருகிறதாம். அப்பாவும் மகளும் போனில் போட்ட கும்மாளம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

"அப்பா, முதல் பாகத்தை முடிச்சிருந்தாத்தான் நம்ம நாலு பேரும் ரெண்டாவதுல வருவாங்களாம். இல்லன்னா வேற யாரோ புது ஆளுங்க. நரி இல்லாம நான் ஆட மாட்டேன். நீங்க கதவு வரைக்கும் கொண்டு வந்து நிறுத்துங்க. கடைசிச் சண்டை நான் வந்தப்புறம்தான்."

"நீ வா பாப்பா. நான் அந்த வாரம் முழுக்க வீட்டுலதான்."

அந்த வார்த்தையை என் காதால் கேட்டேன். பரணிலிருந்து மெஷினை இறக்கித் துடைத்தேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் போய் லீவு கேட்டவர் முகம் செத்துத் திரும்பி வந்தார். அவருடைய கம்பெனி கை மாறி வெகு நாளாகிறது. புது முதலாளிகள் பழைய லீவையெல்லாம் போன வருஷத்தோடு ரத்து செய்துவிட்டார்களாம். முன்கூட்டியே எல்லோருக்கும் மெயில் போட்டார்களாம், இருக்கிறவர்கள் எடுத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று. மற்றவர்கள் எல்லாம் எடுத்துத் தீர்த்திருக்கிறார்கள்.

"உங்களுக்கு மெயில் வரலையா?"

"வந்துச்சு."

"வந்துச்சா? படிக்கலையா?"

"அப்புறம் நிதானமா படிக்கலாம்னு வெச்சிருந்தேன்."

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் தெருவில் போன நாய் நின்று பார்த்துவிட்டுப் போனது. அந்தக் கம்பெனியை என் வாயில் வந்தபடி ஏசினேன். நியாயமாகப் பார்த்தால் அவர்கள்மேல்தான் முதல் கோபம். உழைத்தவனின் நாட்களை ஒரு பொத்தானைத் தட்டி அழித்துவிட்டு, "சிஸ்டத்துல ஜீரோ காட்டுது" என்று சொல்ல ஒரு சூப்பர்வைசரையும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் என் முன்னால் இல்லை. இந்த மனுஷன்தான் இருந்தார், கையைப் பிசைந்துகொண்டு. அவர் முகத்தில் கோபம் வரும் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. வராதது எனக்கு இன்னும் எரிந்தது. கோபத்தையும் எங்கேயோ பொத்தி வைத்திருந்தார் போல.

சனிக்கிழமை மகள் வந்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் நான் முதலில் சொன்ன சாவு. அன்றைக்கே அவர் நாலைந்து முறை செத்தார். மகள் "அப்பா, ஒண்ணே ஒண்ணு குடிங்கப்பா" என்று கெஞ்சினாள். ஒப்புக்குத் தலையாட்டினாரே தவிர கை போகவில்லை.

"நாளைக்கு அரை நாள்தான். சூப்பர்வைசர்கிட்ட பேசிட்டேன். மத்தியானம் வந்துடறேன், உக்காந்து முடிச்சிடலாம்" என்றார்.

திங்கட்கிழமை நான் கடைக்கு லீவு போட்டேன். எனக்கு லீவு என்று கொடுத்தால் அந்த வருஷமே தீர்த்துவிடுவேன், சும்மா படுத்துக் கிடக்கவாவது எடுப்பேன். அம்மாவும் மகளுமாகச் சமைத்து வைத்துவிட்டு உட்கார்ந்தோம். சாப்பாடு ஆறியது. போன் வந்தது. மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாப்பா, இன்னொரு பில்டிங்ல எண்ணெய் போடுற வேலை இருக்காம். வேற ஆளு இல்ல. பாத்துட்டு வந்துடறேன். நீங்க சாப்பிட்டுடுங்க."

"யாராவது உள்ள மாட்டிக்கிட்டாங்களாப்பா?"

"இல்ல இல்ல. சும்மா எண்ணெய் போடுறதுதான்."

"சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அந்த 'சரிப்பா'வைக் கேட்டதும் எனக்குள் என்னமோ அறுந்துவிட்டது. உள்ளே ஆள் மாட்டியிருந்தால் நானே ஓடச் சொல்லியிருப்பேன். இது எண்ணெய்! நாளைக்குப் போட்டால் குடியா முழுகிவிடும்?

"இங்க வாடி. அந்த ரிமோட்டை எடு."

"அது ரிமோட் இல்லம்மா. எதுக்கு?"

"அந்த ராட்சசனை இன்னைக்கு ஒரு வழி பண்ணிடறேன். எந்த பட்டனை அமுக்கணும், சொல்லு."

"அம்மா, அப்பா வரட்டும்மா. பாவம்."

"பாவமாவது புண்ணியமாவது! உன் அப்பா வருவார், நீ ஃப்ளைட் ஏறினப்புறம் வருவார். காட்டுடி!"

அதை நான் அதற்கு முன் தொட்டதே இல்லை. கதவைத் திறந்தேன். ராட்சசன் கர்ஜித்தான், நான் அதைவிடப் பெரிதாகக் கர்ஜித்தேன். முதல் அடியில் வாள்காரனுக்குச் சின்னச் சிராய்ப்பு. தங்கத் தண்ணீரை எடுத்தேன்.

"அம்மா! அதுக்குப் பச்சைத் தண்ணி போதும்!"

"தங்கம் இருக்கும்போது பச்சை எதுக்கு?"

அதற்கப்புறம் எனக்கு வெறி பிடித்தது. அவன் ஒரு அடி அடித்தால் நான் ஒரு தங்கத் தண்ணீர். தொப்பிக்காரக் குட்டிக்கு ஒன்று, சமையல்காரிக்கு ஒன்று. நரிக்கு ஒன்றுமே ஆகவில்லை, இருந்தாலும் இருக்கட்டும் என்று அதற்கும் ஒன்று. ஒவ்வொன்றைத் திறக்கும்போதும் ஒவ்வொன்று நினைவுக்கு வந்தது. அட்டைப்பெட்டியில் தூங்கும் டம்ளர்கள். கவருக்குள் கிடக்கும் சட்டை. மரமாக நின்று, கடைசி வரிசையில் அப்பாவைத் தேடின பிள்ளை. வாய்விட்டுத் திட்டிக்கொண்டே ஆடினேன். மகள் முதலில் பயந்தாள், பிறகு சிரித்தாள், பிறகு என்னோடு சேர்ந்து அவளும் கத்தினாள். முதல் ரூபம் விழுந்தது, இரண்டாவதும் இடிந்து விழுந்தது.

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். புகை விலகியது. மூன்றாவது ரூபம் வந்தது.

முழங்கால் உயரம்கூட இல்லை. தோலெல்லாம் சுருங்கின ஒரு கிழட்டுத் தவளை மாதிரி இருந்தது. நடுங்கிக்கொண்டு நின்றது. அது திருப்பிக்கூட அடிக்கவில்லை. வாள்காரன் போய்த் தொட்டான். வாயைத் திறந்து கடலையெல்லாம் கக்கிவிட்டுக் கரைந்து போனது. இதற்காகத்தான், இந்தத் தவளைக்காகத்தான், அந்த மனுஷன் இவ்வளவு காலமும் சேர்த்து வைத்தது.

அப்புறம் தண்ணீர் வந்தது. காய்ந்த தரையில் கிடந்த படகுகள் ஒவ்வொன்றாக எழும்பின. நாலு பேரும் கரையில் நின்று பார்த்தார்கள். எப்போதும் பேசுகிற நரி ஒன்றுமே பேசவில்லை. மகள் அழுதாள். அவள் அழுததைப் பார்த்து நானும் மூக்கை உறிஞ்சினேன். யார் யாரோ ஜப்பான்காரர்கள் பெயர்கள் வரிசையாக மேலே போய்க்கொண்டிருந்தன. அந்த நேரத்தில்தான் கதவு திறந்தது.

கிரீஸ் கையோடு வாசலில் நின்றார். டிவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"என்னது இது?"

"முடிச்சாச்சு" என்றேன்.

"யாரைக் கேட்டு முடிச்ச?" பையைத் தரையில் போட்டார். உள்ளே இருந்த திருகாணிகள் கலகலவென்று சிதறின. "நான் வர்றதுக்குள்ள உனக்கு அப்படி என்ன அவசரம்? எத்தனை வருஷமா வெச்சிருந்தேன்! நான் இல்லாம எப்படி முடிக்கலாம்?"

அவர் கத்தி நான் அதுவரை கேட்டதே இல்லை. எனக்குப் பயம் வரவில்லை, அப்பாடா என்றுதான் இருந்தது.

"நீங்க இல்லாமதான் எல்லாம் முடிஞ்சுச்சு" என்றேன். "இவ மரமா நின்னப்ப, அப்பா வந்தப்புறம் திரையைத் தூக்குறோம்னு யாராவது நிறுத்தி வெச்சாங்களா? ஓடினப்ப நிறுத்தினாங்களா? பட்டம் வாங்கினப்ப நிறுத்தினாங்களா? எண்ணெய் போட்டுட்டு வர்றாராம், எண்ணெய்!"

அவர் சிதறின திருகாணிகளைத் தாண்டி வந்தார். சோபாவில் உட்கார்ந்தார், பிளாஸ்டிக் சரசரத்தது. பிறகு வழக்கம் போல, பழக்கதோஷத்தில், மகளைப் பார்த்துக் கேட்டார்.

"எப்படி இருந்துச்சு பாப்பா?"

"நல்லா இருந்துச்சுப்பா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, என்ன சொன்னோம் என்று. அவருக்கும் தெரிந்தது. அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மகள் அவசர அவசரமாக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, கதவுக்கு முன்னாடி சேவ் பண்ணது அப்படியேதான் இருக்கு. நாம மறுபடியும் ஆடலாம். முடிவை நீங்களும் பாக்கலாம்."

"முடிவு எனக்கு எதுக்கு?" என்றார். "அதைப் பாக்கும்போது உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு பாக்கத்தான் காத்துக்கிட்டிருந்தேன். அது மறுபடியும் வருமா?"

எனக்கும் நெஞ்சை என்னவோ செய்தது. ஆனாலும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

"அந்த மூணாவது ரூபம்?" என்று அவரே கேட்டார்.

மகள் தரையிலிருந்து முழங்கால் அளவுக்குக் கையை வைத்துக் காட்டினாள். "இவ்வளவுதான்பா. திருப்பி அடிக்கக்கூட இல்ல."

கிரீஸ் கையென்றும் பார்க்காமல் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை சூப்பர்வைசர் போன் வந்தது. நான் அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஏதாவது வயிற்றுவலி, காய்ச்சல் என்று பொய் சொல்லப் போகிறார், அதையாவது சொல்லித் தொலையட்டும் என்றிருந்தேன்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்" என்றார். "என் பொண்ணு வந்திருக்கா. இந்த வாரம் வர மாட்டேன்." அந்தப் பக்கம் ஏதோ கத்தல். "என் லீவை நீங்க எடுத்துக்கிட்டீங்க. இதை நான் எடுத்துக்கறேன். என்ன பண்ணணுமோ பண்ணிக்கோங்க." கடைசி வார்த்தையில் குரல் நடுங்கியது. போனை வைத்தார். போய் அலமாரியைத் திறந்து அந்தச் சட்டையின் கவரைக் கிழித்தார். வைத்த மடிப்பில் மஞ்சள் கோடு விழுந்திருந்தது. அதையே போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை புது விளையாட்டு வந்தது. பழையதை முடித்தவர்களுக்கு ஒரு பரிசு உண்டாம். நரி உட்பட நாலு பேரும் வந்தார்கள், கையில் ஒரே ஒரு தங்கத் தண்ணீரோடு. அப்பாவும் மகளும் சோபாவில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதல் சண்டை ஒரு நண்டோடு. கையளவு நண்டு. அது வாள்காரனின் காலை லேசாகக் கிள்ளியது. என் வீட்டுக்காரர் பையைத் திறந்தார்.

"அப்பா! அப்பா, வேண்டாம்! அது ஒண்ணுதான் இருக்கு! வெறும் நண்டுப்பா!"

"இருக்கட்டும்" என்று சொல்லி அமுக்கினார்.

அவர் டிவியைப் பார்க்கவில்லை. மகள் வாயைப் பிளந்துகொண்டு அலறுவதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, அவள் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். நான் கத்தரிக்கோலை எடுத்து வந்து, "ரெண்டு பேரும் கொஞ்சம் எழுந்திருங்க" என்று சொல்லி, சோபாவின் பிளாஸ்டிக் உறையை வெட்ட ஆரம்பித்தேன்.